வெள்ளைப்பாறைக்குக் கொடுத்த ஒன்பது

நம் இணையதளத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தீர்கள். வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி என்று பத்துக் குறிப்புகள் கேட்டிருந்தீர்கள். மரியாதையாகக் கேட்டதால் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். ஆறு வரைக்கும்தான் வந்தது. அதில் நாலு எங்கள் பழைய பத்திரிகை ஆசிரியர் எனக்குச் சொன்னவை. மீதி இரண்டை நானே கடைப்பிடித்ததில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக நான் சறுக்கி விழுந்த ஒரு கதையைச் சொல்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானை இல்லை, ஆனாலும் இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். அட்டையில் சிடி ஒட்டி வரும் கணினிப் பத்திரிகையில் தொடங்கி, பத்திரிகை நின்று போய், இணையதளத்துக்கு வந்து, போன வருடம் கட்டைவிரல் மூட்டு ஒத்துழைக்காது என்று சொன்ன பிறகுதான் ஓய்வு பெற்றேன். சறுக்கியது அதற்கு இரண்டு வருடம் முன்பு. அந்த வயதில் விழுந்தால் எலும்பு சேர நாளாகும் என்பது உங்களுக்கு இப்போது புரியாது.

நான் ஜவ்வாது மலையில் புதூர்நாட்டில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி வந்தேன் என்று தெரியாது. மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, ஒரு நீண்ட கட்டுரையை ஆற அமர எழுதி முடிக்கலாம் என்று ஒரு மாதத்துக்கு வீடு எடுத்தேன். அந்த மாதத்தில் என் மனைவி ஓசூருக்கு, மகள் வீட்டுக்குப் போனாள். பிறகு பேரன் பிறந்தான். அவள் அங்கேயே தங்கினாள். நான் வேலை இருக்கிறது என்று இங்கேயே தங்கினேன். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. வாரம் ஒரு தடவை போன் பேசுவோம், மாத்திரை போட்டாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். யாராவது விசாரித்தால், இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்பேன். காற்று நன்றாகத்தான் இருந்தது. நான்தான் ரொம்பத் தனியாக இருந்தேன். அப்போது கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

நம் தொழிலும் அதற்குத் தோதானது. கேம் வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பே நமக்கு ஒரு பிரதி வந்துவிடும். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணி வரைக்கும் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. உலகத்தில் பத்துப் பதினைந்து பேர் மட்டும் பார்த்த ஒரு இடத்தில் நீங்கள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பத்துப் பதினைந்து பேரும் தங்களுக்குள் ஒரு குழு வைத்துக்கொள்வார்கள். மூன்றாவது கதவு எப்படித் திறக்கிறது, அந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்று கேட்டுக்கொள்வார்கள். நீங்களும் அப்படிக் குழுவில் இருப்பீர்கள். நான் சேர்ந்ததில்லை. அடுத்தவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொண்டு எழுத உட்காராதே என்று எங்கள் பழைய ஆசிரியர் சொல்வார். அதை நான் ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டேன். வழி தெரியாவிட்டால் தெரியாமலே கிடப்பேன், கேட்க மாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உண்டு என்ன, நிறையவே உண்டு.

அப்படி இருக்கும்போதுதான் 'சுனைவழி' வந்தது. செய்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். வாணியம்பாடிப் பையன் அஸ்லம் படம் வரைந்து நிரல் எழுதினான். அவனுடன் கல்லூரியில் படித்த ஒடுகத்தூர்ப் பெண் பவித்ரா இசை அமைத்தாள். அஸ்லம் எனக்கு எழுதிய கடிதத்தில், தமிழில் விமர்சனம் எழுதுகிறவர்களில் எங்களுக்குத் தெரிந்தது நீங்கள் ஒருவர்தான், அதுவும் எங்கள் பக்கத்து மலையிலேயே இருக்கிறீர்கள் என்று சந்தோஷப்பட்டிருந்தான்.

பழைய காலத்து கேம்களைப் போல, சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன படம். கதாநாயகி என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருப்பாள். ஊரில் தண்ணீர் வற்றிவிட, மலைக்குள் இறங்கிச் சுனையைத் தேடிப் போகிறாள். குதிக்கலாம், தொங்கலாம், ஏறலாம். ஒரு இடத்தில் கிடைக்கும் கயிறு, முன்பு தாண்ட முடியாத இன்னொரு இடத்தைத் திறந்துவிடும். முதல் பகுதி புளியந்தோப்பு, இரண்டாவது ஓடை, மூன்றாவது வௌவால் குகை. படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். குதிப்பது மட்டும் கொஞ்சம் மரக்கட்டை.

என் வீட்டு இணைப்பில் அந்த கேம் இறங்க மூன்று நாள் ஆனது. மழை வந்தால் நிற்கும், காற்று அடித்தால் நிற்கும், எதுவும் இல்லாவிட்டாலும் நிற்கும். நின்று நின்று ஒருவழியாக இறங்கி முடிந்தது. முதல் மூன்று பகுதிகளை நாலு நாளில் முடித்தேன். நாலாவது பகுதிக்குப் பெயர் வெள்ளைப்பாறை.

அங்கே இறங்கியதும் இசை நின்றுவிட்டது. ஒரு பிராணி கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் சத்தம் கிடையாது. வெளிறிய பாறைகள், ஒன்றைப் போலவே இருக்கும் பாதைகள், அதில் அந்தச் சின்னப் பெண் நடந்துகொண்டே இருக்கிறாள். வழி எங்கே என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. நான் சுற்றினேன், திரும்பினேன், மறுபடி சுற்றினேன். இரண்டு நாளில் ஆறு மணி நேரம் அங்கே கிடந்துதான் வெளியே வந்தேன். எரிச்சல் வரவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு கேமுக்குள் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே கிடையாது. யாரோ என்னைத் தெரிந்துகொண்டு இந்த இடத்தைச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கண்கூடக் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு குப்புசாமி ஜீப் ஓட்டுகிறவர். திருப்பத்தூருக்கு ஆளும் பலாப்பழமும் ஏற்றிப் போவார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்கு இரண்டு வருடமாகப் புரியவில்லை. அன்றைக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு இன்னும் கொகையவுட்டு வெளிய வர்லியா?"

"வருவா."

"பொட்டியில சத்தமே வர்லியே சார். ஸ்பீக்கர் பூட்ச்சா?"

"அதுதான்யா அதோட அழகு. சும்மா பாரு."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, "எனக்கு இன்னாமோ மாதிரி கீது சார், நான் வர்றேன்" என்று போய்விட்டார். ரசனை என்பது எல்லோருக்கும் வாய்த்துவிடுமா என்று நினைத்துக்கொண்டேன். தம்பிகளே, தங்கைகளே, இந்த வரியை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

விமர்சனத்தை ஒரே மூச்சில் எழுதினேன். பாதிக்கு மேல் வெள்ளைப்பாறையைப் பற்றித்தான். 'இசை என்ற பெயரில் காதுக்குள் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் இன்றைய கேம்களுக்கு நடுவில், வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒரு கேம்' என்று எழுதினேன். 'முதல் மூன்று பகுதிகளில் இசை இருக்கிறது, கேட்கலாம். இசை இல்லாத நாலாவது பகுதியில்தான் இந்த கேம் பெரிய படைப்பாகிறது' என்றும் எழுதினேன். பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். குதிப்பது மரக்கட்டையாக இருப்பதை ஒரே வரியில் மன்னித்துவிட்டேன். நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல விமர்சனம் என்று இப்போதும் நம் தளத்தில் சிலர் சொல்கிறார்கள். மொழி நன்றாகத்தான் இருக்கும்.

வாய் திறக்கக் கூடாது என்ற தடை விலகிய அன்று காலை விமர்சனம் வெளியானது. எங்கள் ஊரில் ரேஷன் கடைக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றால்தான் போனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே போய் நின்று மற்ற விமர்சனங்களைத் திறந்தேன். ஆங்கிலத்தில் நாலு வந்திருந்தன. ஒருவர் ஆறு கொடுத்திருந்தார், இரண்டு பேர் ஏழு, ஒருவர் எட்டு. படத்தைப் புகழ்ந்திருந்தார்கள். குதிப்பதைத் திட்டியிருந்தார்கள். பாதைகள் குழப்புவதாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். ஆனால் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தார்கள். வெள்ளைப்பாறையின் இசை அபாரம் என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் நான் சிரித்தேன். எல்லோரும் சேர்ந்து வேறு எதையோ குழப்பிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவனுக்கு நாலாவது கால் கண்ணெதிரே ஆடினாலும் தெரியாது. மூன்றாவது விமர்சனத்தைப் படிக்கும்போதுதான் என் பிரதியில்தான் ஏதோ இல்லை என்று புரிந்தது.

மறுநாள் தொட்டியடியில் நிற்கும்போது அஸ்லம் கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பிரதியில வெள்ளைப்பாறை பாட்டு ஓடலீங்களா?"

"ஓடல தம்பி."

"எறங்கும்போது அந்த ஃபைல் மட்டும் கெட்டுப்போய் இருக்கும் சார். ஃபைல் இல்லன்னா கேம் நின்னுடக் கூடாது, சத்தமில்லாம ஓடட்டும்னு நாந்தான் எழுதி வெச்சேன். தப்பு என்னோடதுதான்."

அவனுடைய தப்பு இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் மேலே சொல்லத் தயங்கினான். நான் வற்புறுத்தியதும் சொன்னான்.

பவித்ரா பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள். இந்த கேமுக்கு இசை அமைப்பதற்காக வேலையை விட்டுவிட்டு ஒடுகத்தூருக்குத் திரும்பி வந்திருந்தாள். அவள் அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் வளையல் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு அவர் ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். அந்த ஒரு வருடத்துக்குள், விஷயம் தெரிந்த யாராவது அவள் செய்தது நல்ல வேலை என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பெங்களூர். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஆங்கில விமர்சனங்களை மகள் படித்து அர்த்தம் சொன்னால், நீயே உன்னைப் புகழ்ந்துக்கிறியா என்று கேட்கக்கூடியவர். தமிழில் வந்த ஒரே விமர்சனம் என்னுடையது. அதை அவர் கடையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார்.

"படிச்சுட்டு என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'நீ பாட்டு போடாத எடந்தான் நல்லா இருக்குதுன்னு எழுதிக்கிறாரே, இதுக்கா வேலய வுட்டுட்டு வந்த?'ன்னு கேட்டாங்களாம் சார். பவித்ரா அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அஞ்சு மாசம் ஒக்காந்தா சார்."

போனை வைத்துவிட்டு நான் அந்தத் தொட்டியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாமை மூட்டையோடு ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் செய்திருப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் உழைத்த இடத்தில் அவள் இல்லை என்பதற்காக நான் பாராட்டியிருந்தேன்.

தளத்தின் பொறுப்பாசிரியரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர், நல்ல மனிதர். "சார், இது ஒரு மேட்டரே இல்ல. அந்த மூணு பத்தியத் தூக்கிட்டு, 'வெள்ளைப்பாறையின் இசை அருமை'ன்னு ஒரு வரி போட்டுடலாம். ரெண்டு நிமிஷ வேலை. அந்தம்மா மறுபடி திறந்து பார்த்தா சரியாயிருக்கும். யாருக்கும் தெரியாது" என்றார்.

அந்த நிமிடம் அது எவ்வளவு நல்ல யோசனையாகத் தோன்றியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் நல்லது. அந்தப் பெண்ணுக்கு நல்லது, தளத்துக்கு நல்லது, முக்கியமாக எனக்கு நல்லது. நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு யோசனை வரும், அன்பானவர்களிடமிருந்துதான் வரும். ஆனால் அந்த விமர்சனத்தை ஏற்கெனவே படித்தவர்கள் இருந்தார்கள். படம் பிடித்துப் பகிர்ந்தவர்கள் இருந்தார்கள். முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

எங்கள் பழைய ஆசிரியரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் தன் வாழ்நாளில் ஒரு கேம்கூட விளையாடியதில்லை. கணினியில் சீட்டு ஆடுவதுகூடத் தெரியாது. ஆனால் பத்திரிகையில் ஒரு தவறு வந்தால், திருத்தம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்பார். கடைசிப் பக்கத்து மூலையில் எறும்பு ஊர்வது போல 'வருந்துகிறோம்' என்று போடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "தப்ப கூரை மேல ஏறிச் சொல்லிட்டு, மன்னிப்ப மட்டும் கதவச் சாத்திட்டுக் கேக்கறியா?" என்பார். அவரிடம் கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

பொறுப்பாசிரியரிடம், எதையும் தொட வேண்டாம், எனக்கு ஒரு நாள் கொடுங்கள் என்றேன். கேட்காத இசையைப் பற்றி அருமை என்று ஒரு வரி எழுதினால், முதல் தவறாவது தெரியாமல் செய்தது, இரண்டாவது தெரிந்தே செய்வதாகிவிடும்.

மறுநாள் காலை கணினியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு குப்புசாமியின் ஜீப்பில் ஏறினேன்.

"எங்க சார், ரிப்பேருக்கா?" என்றார்.

"ஆமா."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல சார், ஸ்பீக்கர் பூட்ச்சின்னு."

"ஸ்பீக்கர் நல்லாத்தான்யா இருக்கு."

"அப்ப இன்னா பூட்ச்சி?"

நான் போர்வை முடிச்சை இறுக்கிக் கட்டினேன்.

திருப்பத்தூர் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அங்கே கேம் இருபது நிமிடத்தில் இறங்கியது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெள்ளைப்பாறைக்குப் போனேன்.

முதலில் ஒரே ஒரு ஒலி. பழைய கணினிகள் போடும் பீப் சத்தத்தை வைத்து ஊதுகுழல் மாதிரி செய்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. என் வீட்டுக்குள் கேட்காமல் யாரோ வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டாவது ஒலி சேர்ந்துகொண்டது. இடது பக்கம் திரும்பினேன், இரண்டாவது ஒலி தேய்ந்து போனது. வலது பக்கம் வந்தேன், அது திரும்பி வந்தது, கூடவே மூன்றாவதும் வந்தது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. சரியான பாதையில் போனால் ஒலிகள் கூடுகின்றன. தவறான பாதையில் போனால் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பாறையில் எந்த அடையாளமும் வைக்காததற்குக் காரணம், வழியைக் காட்ட அவள் இருந்தாள் என்பதுதான். நான் ஆறு மணி நேரம் தொலைந்து கிடந்த இடத்தை நாற்பது நிமிடத்தில் கடந்துவிட்டேன்.

லாட்ஜ் கட்டிலிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எழுத வேண்டியதில் பாதி தெளிவாக இருந்தது. மீதிப் பாதியை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அது என்னவென்றால், அந்த இசை அருமையான வேலை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு அந்தச் சத்தமில்லாத வெள்ளைப்பாறைதான் பிடித்திருந்தது. இசையோடு விளையாடிய பிறகும் அதுதான் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அது மன்னிப்பு வேண்டி எழுதிய பொய். சொன்னால், வளையல் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும் அந்த அம்மாவின் கையில் மறுபடி ஒரு கத்தியைக் கொடுப்பதாக ஆகலாம்.

மதிப்பெண் இன்னொரு சிக்கல். ஒன்பது கொடுத்தது இல்லாத கேமுக்கு. அந்த மௌனத்தின் மயக்கத்தில்தான் குதிப்பதில் இருந்த குறையை மன்னித்திருந்தேன். மயக்கம் தெளிந்து, இருக்கும் கேமுக்கு நியாயமாகப் போட்டால் எட்டு. பொறுப்பாசிரியர் போனில் தலையில் அடித்துக்கொண்டார். "மன்னிப்பும் கேட்டு மார்க்கையும் குறைப்பீங்களா சார்? ஊர்ல யாராவது இப்படிச் செய்வாங்களா?" என்றார்.

மாலை வரைக்கும் எழுதினேன், அடித்தேன், எழுதினேன். பழைய விமர்சனத்தில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. அதற்கு மேலே, அதே அளவு எழுத்தில், அதே நீளத்துக்கு இன்னொன்றை வைக்கச் சொன்னேன். அதில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கீழே நான் புகழ்ந்திருக்கும் இடம் இந்த கேமில் கிடையாது, அது என் கணினியில் மட்டும் இருந்தது என்றேன். உண்மையான வெள்ளைப்பாறையில் இசைதான் வழித்துணை, அது இல்லாமல் நான் ஆறு மணி நேரம் வழி தெரியாமல் சுற்றினேன், அது இருந்தபோது நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தேன் என்றேன். யாருமில்லாத அந்த வெள்ளைப்பாறை எனக்குப் பிடித்திருந்தது உண்மை, ஆனால் அது என் குணத்தைப் பற்றிய செய்தியே தவிர அவர்கள் வேலையைப் பற்றிய செய்தி இல்லை என்றேன். எட்டு கொடுத்தேன். ஏன் எட்டு என்றும் எழுதினேன்.

கிண்டல் வராமல் இருக்குமா? 'கேட்காமலே கச்சேரி விமர்சனம் எழுதியவர்' என்று ஒரு பட்டம் கிடைத்தது. இன்றைக்கும் சிலர் என்னை அப்படித்தான் அடையாளம் சொல்கிறார்கள். அந்தப் பட்டத்துக்கு நான் தகுதியானவன்தான், அதனால் மறுக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். உங்கள் மனதுக்கு ரொம்ப நெருக்கமாக ஏதாவது வந்து நின்றால், எழுதுவதற்கு முன்பு ஒரு ஆளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் கண்ணுக்கும் அதுதான் தெரிகிறதா என்று கேளுங்கள். குழுவில் சேராமல் இருந்தது கொள்கை என்று நினைத்தேன். பாதி கொள்கை, பாதி யாரோடும் பேசப் பிடிக்காத வியாதி. எது எவ்வளவு என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

திருத்தம் வெளியான நாலாம் நாள் காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தபோது ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பவித்ரா. அதற்கு முன்பு நாங்கள் பேசியதே இல்லை. நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். அவள் இடைமறித்தாள்.

"அதெல்லாம் வேணாம் சார். அம்மா ரெண்டு தடவ படிச்சாங்க. 'அந்த மனுசன் வழி தெரியாம ஆறு மணி நேரம் சுத்திக்கினு கெடந்திருக்காரு. உன் பாட்டக் கேட்டு நாப்பது நிமிசத்துல வந்துட்டாரு. அப்ப நீ ஏதோ உருப்படியாத்தான் செஞ்சிருக்க'ன்னாங்க. இன்னும் ஒரு வருசம் பாக்கலாம்னுட்டாங்க."

"மார்க்கைக் குறைச்சதுக்கு..." என்று இழுத்தேன்.

"எட்டு போதும் சார். அந்த ஒம்போது உங்களுது. இந்த எட்டுதான் எங்களுது."

அத்தோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? மொதல்ல அஸ்லம் அந்த எடத்த சத்தமே இல்லாமத்தான் எங்கிட்ட குடுத்தான். என்னால பத்து நிமிசம் உள்ள இருக்க முடியல சார். நெஞ்ச அடச்சிக்கிச்சு. அதனாலதான் கூட நாலு பேரு நடக்கற மாதிரி ஒரு பாட்டு போடணும்னு தோணுச்சு. யாரா இருந்தாலும் பத்து நிமிசத்துல 'இங்க ஏதோ கோளாறு'ன்னு சொல்லியிருப்பாங்க. உங்களுக்கு ஆறு மணி நேரம் அப்படி எதுவுமே தோணலையா சார்?"

சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. இணைப்பு மோசம், கணினி பழசு, பழைய காலத்து கேம்களில் இப்படிப் பரிசோதனைகள் உண்டு. வாய் வரைக்கும் வந்தன. எதையும் சொல்லப் பிடிக்கவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றேன். "எனக்கு அது வித்தியாசமாவே தெரியலம்மா."

மறுமுனையில் யாரோ வளையல் விலை கேட்பது மெல்லக் கேட்டது. பிறகு அவள், "சாப்ட்டீங்களா சார்?" என்றாள்.

மணி அப்போது பதினொன்று. காலைச் சாப்பாட்டுக்கும் சேராத, மதியத்துக்கும் சேராத நேரம். என்னிடம் யாரும் நேராக அப்படிக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிவிட்டது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

"இல்லம்மா" என்றேன். உண்மையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.